ரிஜிஸ்டரில் எப்போதும் 4 டிகிரி: இவினோடு ஐந்து வருடங்களுக்கு மேல்

கடலூர் மாவட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருந்தாளுநராக இருக்கிறேன். மாத்திரை கொடுப்பதோடு தடுப்பூசி வைக்கும் ஐ.எல்.ஆர். என்ற குளிர்ப்பெட்டியும் என் பொறுப்பு. கொரோனாவுக்குச் சற்று முன்பு அந்தப் பெட்டியில் ஒரு வெப்பநிலைக் கருவியைப் பொருத்தி, என் போனில் இவின் என்ற செயலியையும் போட்டுக் கொடுத்தார்கள். அன்றிலிருந்து தினமும் அதோடுதான் வேலை. ஒரு மழைக்காலம், ஒரு கோடை பார்த்துவிட்டு எழுதினால் அரைகுறையாகப் போய்விடும் என்றுதான் இவ்வளவு நாள் எழுதவில்லை.

தெரியாதவர்களுக்காக: இவின் 2015-இல் இந்திய அரசும் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் சேர்ந்து தொடங்கியது. சென்னை, மும்பை, கொல்கத்தா, கர்னால் ஆகிய நான்கு மத்தியக் கிடங்குகளிலிருந்து தடுப்பூசி மாநிலத்துக்கு வந்து, மாவட்டம் வழியாக எங்கள் பெட்டிக்கு வரும். எந்த இடத்தில் எந்த பேட்ச் எத்தனை டோஸ் இருக்கிறது, அது எத்தனை டிகிரியில் இருக்கிறது என்பதை எல்லா மட்டத்திலும் ஒரே நேரத்தில் பார்க்க வைப்பதுதான் இதன் வேலை. கருவியின் சென்சார் பெட்டிக்குள் இருக்கும், திரை வெளியே சுவரில் இருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, மணிக்கு ஒருமுறை உள்ளே இருக்கும் சிம் வழியாக சர்வருக்கு அனுப்பும். 2-லிருந்து 8 டிகிரிக்கு வெளியே போனால் அலாரம் அடிக்கும், குறுஞ்செய்தியும் வரும்.

அதற்கு முன்பு என்ன செய்துகொண்டிருந்தோம் என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டர் தொங்கும். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை மூடியைத் திறந்து பார்த்து எழுத வேண்டும். என் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டினால் 4, 4, 5, 4, 4, 5 என்றே மாதக்கணக்கில் போகும். ஞாயிற்றுக்கிழமைக்கும் 4, தீபாவளிக்கும் 4. ஓ.பி.யில் நூறு பேர் நிற்கும்போது மூடியைத் திறக்காமலே எழுதிய நாட்கள் உண்டு. திறந்து பார்த்த நாட்களிலும் பகலில்தான் பார்த்தோம், ராத்திரியில் யார் பார்த்தது?

கருவி வந்த முதல் மார்கழியில்தான் ராத்திரி தெரிந்தது. அப்போது சிதம்பரம் பக்கம் இருந்தேன். ஒரு விடியற்காலையில் போன் ஒலித்தது. குறுஞ்செய்தியைப் பார்த்ததும், கரண்ட் போய் சூடு ஏறியிருக்கும் என்றுதான் நினைத்தேன். ஓடிப்போய்ப் பார்த்தால் கரண்ட் இருக்கிறது. திரையில் மைனஸ் 0.9. கோடையில் கூட்டி வைத்த தெர்மோஸ்டாட்டை யாரும் குறைக்கவில்லை. வெளியே பனி, உள்ளே அதே வேகத்தில் பெட்டி ஓடியிருக்கிறது.

நாங்கள் காலமெல்லாம் பயந்தது சூட்டுக்கு மட்டும்தான். குப்பியின் மேல் இருக்கும் வி.வி.எம். அடையாளமும் சூட்டைத்தான் காட்டும். நடுவில் இருக்கும் சதுரம் சுற்றியிருக்கும் வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பி ஆகாது. ஆனால் உறைந்துபோன குப்பியில் அந்தச் சதுரம் வெள்ளையாக, புத்தம் புதிதுபோல இருக்கும். ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியாகப் போடும் பென்டாவேலன்ட் (பென்டா), ஹெபடைடிஸ் பி, டி.டி. ஊசிகளில் இருக்கும் அலுமினிய உப்பு உறைந்தால் திரிந்துபோகும். அதன்பின் அதைப் போட்டால் குழந்தைக்கு வலிதான் மிஞ்சும், முழுப் பாதுகாப்பு கிடைக்காது.

அன்றைக்குக் குலுக்கல் சோதனை செய்தோம். அதே பேட்ச் பென்டா குப்பி ஒன்றை டீப் ஃப்ரீசரில் வைத்து நன்றாக உறைய வைத்தோம். மறுநாள் தானாக உருக விட்டு, அதையும் சந்தேகப்பட்ட குப்பி ஒன்றையும் சேர்த்துக் குலுக்கி மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். நல்ல மருந்தானால் பால்போலக் கலங்கியே நிற்க வேண்டும். உறைய வைத்த குப்பியில் கொஞ்ச நேரத்தில் அடியில் வெண்மையாகப் படிய ஆரம்பித்தது, மேலே தண்ணீர்போலத் தெளிந்தது. பக்கத்துக் குப்பியும் அதே வேகத்தில் படிந்தது. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த கிராம சுகாதார செவிலியர் ஒருவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "இத்தினி வருசமா எத்தனை மார்கழி போயிருக்கும் மேடம்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அந்தக் குப்பிகளை ஒதுக்கி, மாவட்டத்துக்குச் சொல்லி, புது சரக்கு வாங்கினோம்.

எனக்கு இவின் செய்த பெரிய உதவி இதுதான். இருப்புக் கணக்கெல்லாம் அதற்கு அடுத்துத்தான். இப்போது தீபாவளி முடிந்ததும் தெர்மோஸ்டாட்டைக் குறைப்பேன், பங்குனி வெயில் ஏறும்போது மறுபடி பார்ப்பேன். உறையக் கூடாத ஊசிகளை அடியில் வைக்காமல் கூடையில் மேலேதான் வைப்பேன். இந்த விதி பயிற்சிப் புத்தகத்தில் முதலிலிருந்தே இருந்தது. ராத்திரி வரைபடத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அது மனதில் ஏறியது.

இருப்புக் கணக்கைப் பற்றி. எங்களுக்குப் புதன்கிழமை ஊசி நாள். காலையில் கேரியரில் நாலு ஐஸ் பேக் வைத்து செவிலியர்கள் எடுத்துப் போவார்கள். சாயங்காலம் திரும்பியதும் போனது எத்தனை, வந்தது எத்தனை என்று கழித்து ரிஜிஸ்டரில் எழுதி, பிறகு செயலியில் ஏற்ற வேண்டும். பிரித்த பென்டா குப்பியை 28 நாள் வரை மறுபடி பயன்படுத்தலாம், பி.சி.ஜி.யும் தட்டம்மை, ரூபெல்லாவுக்கான எம்.ஆரும் கலக்கிய நாலு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதனால் கணக்கு அவ்வளவு நேராக வராது. செயலி டோஸில் கேட்கும், நம் கையோ குப்பியை எண்ணும். ஆரம்பத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, 12 குப்பி பென்டாவை 120 டோஸ் என்று போடாமல் 12 என்று போட்டுவிட்டேன். அரை மணி நேரத்தில் மாவட்டக் கிடங்கிலிருந்து போன் வந்தது. "மேடம், பென்டா 12 டோஸ்னு காட்டுது, நாளைக்குப் புதன்கிழமை, வண்டி அனுப்பட்டுமா?" தவறு என்னுடையது. ஆனால் காகிதக் காலத்தில் நிஜமாகவே சரக்கு தீர்ந்தாலும் மாதக் கடைசி அறிக்கையில்தான் மேலே தெரியும். அரை மணி நேரத்தில் ஒருவர் பதறியது எனக்கு நிம்மதியாக இருந்தது.

தான்சானியாவில் 2009-இல் மூன்று மாவட்டங்களில் மலேரியா மாத்திரைக்கு இதே யோசனையைச் சாதாரண போனில் செய்து பார்த்தார்கள். சுகாதார ஊழியர் வாரம் ஒருமுறை இருப்பைக் குறுஞ்செய்தியில் அனுப்ப வேண்டும், அனுப்பினால் போனுக்குப் பேசும் காசு ஏறும். இந்தோனேசியா இவினைப் பார்த்து ஸ்மைல் என்று தனக்கொன்று செய்துகொண்டது. எந்த ஊரானாலும் கணக்கைத் தட்டுகிறவர் என்னைப்போல ஓ.பி. முடித்துக் களைத்த ஒருவர்தான். கணக்கை ஏற்ற அவருக்குக் கால் மணி நேரம் ஒதுக்கித் தராமல் மென்பொருளை மட்டும் கொடுத்தால், 4, 5, 4 என்கிற பழைய ரிஜிஸ்டர் திரைக்குள் வந்துவிடும்.

கொரோனா தடுப்பூசி 2021 ஜனவரியில் வந்தபோது கோவின் புதிதாக இருந்தாலும், அதன் கிடங்குப் பக்கம் இவின் மேல் கட்டியது என்பதால் எங்களுக்குத் தடுமாற்றம் இல்லை.

இனி புயல். 2011 டிசம்பர் 30 தானே புயலின்போது கடலோரத்தில் ஒரு நிலையத்தில் இருந்தேன். முந்திரி, பலா எல்லாம் வேரோடு சாய்ந்தன, கம்பங்கள் விழுந்தன, கரண்ட் பல நாள் வரவில்லை. ஐ.எல்.ஆர். நல்ல பெட்டிதான். நாளுக்கு எட்டு மணி நேரம் கரண்ட் இருந்தாலே உள்ளே இருக்கும் பனிச் சுவரை வைத்துத் தாக்குப்பிடிக்கும். எட்டு நிமிடம்கூட இல்லாத நாட்களில் அது என்ன செய்யும்? எந்த மணிக்கு எத்தனை டிகிரி போனது என்று ஒருவருக்கும் தெரியாது. சந்தேகத்தின் பேரில் மொத்தத்தையும் அழித்தோம்.

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நான் தென்பெண்ணைக் கரையோரம் இருக்கும் இப்போதைய நிலையத்தில் இருந்தேன். புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை. ஜெனரேட்டரை வைத்துத் திங்கள் வரை ஓட்டினோம். சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீர் வந்ததும் ஜெனரேட்டர் நின்ற இடத்திலும் வெள்ளம் புகுந்துவிட்டது. டவரும் போய்விட்டதால் போனுக்குக் குறுஞ்செய்தி வரவில்லை. ஆனால் சுவரில் இருந்த திரை தன் பேட்டரியில் விழித்துக்கொண்டிருந்தது. செவ்வாய் சாயங்காலம் 7.6. கொஞ்ச நேரத்தில் 8.2. டீப் ஃப்ரீசரைத் திறந்தேன். ஐஸ் பேக்குகள் ஓரத்தில் உருகி, ஆட்டினால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது. ஊசி மருந்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய பதம் சரியாக அதுதான். கோல்ட் பாக்ஸில் அடுக்கி, பேட்ச் வாரியாக ஒரு தாளில் எழுதி உள்ளே போட்டு, டிராக்டரில் ஏற்றிக் குறிஞ்சிப்பாடி பக்கம் கரண்ட் இருந்த ஒரு நிலையத்துக்குக் கொண்டுபோனோம். டவர் திரும்பியதும் கருவி சேர்த்து வைத்த வரைபடம் மொத்தமும் வந்தது. 8 டிகிரியைத் தாண்டிய நேரம் ஒரு மணிக்கும் குறைவு. வி.வி.எம். எல்லாம் நன்றாக இருந்தது. பயன்படுத்தலாம் என்று மேலிருந்து எழுத்தில் வந்தது. ஒரு குப்பிகூட அழிக்கவில்லை.

புதிதாகப் பொறுப்பெடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நான் மாறுதலில் இங்கே வந்த புதிதில் அலாரம் எனக்கு வரவே இல்லை. எனக்கு முன்னால் இருந்தவரின் எண்தான் பட்டியலில் இருந்தது, அவர் விருத்தாசலத்திலிருந்து கூப்பிட்டு "மேடம், பெட்டியைப் பாருங்க" என்றார். பொறுப்பு மாறும் அன்றே எண்ணை மாற்றச் சொல்லுங்கள். சென்சார் பனிச் சுவரில் ஒட்டாமல் கூடைக்கு நடுவில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பெருக்கும்போது பிளக் பிடுங்கப்படாமல் இருக்க ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள்.

என் ஒரே மனக்குறை, இந்தக் கண்காணிப்பு எங்கள் நிலையத்தில் தடுப்பூசியோடு நின்றுவிட்டது. ஐ.எல்.ஆரில் வேறு மருந்து வைக்கக் கூடாது என்பது விதி, அது சரியான விதி. ஆனால் பிரசவத்தில் ரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்ஸிடோசினும், சர்க்கரை நோயாளிக்குப் போகும் இன்சுலினும் அதே 2-லிருந்து 8 டிகிரியில் இருக்க வேண்டியவைதான். அவை இருப்பது வீட்டு ஃபிரிட்ஜில். அதற்குக் கருவி இல்லை, அலாரம் இல்லை. ஊசி கெட்டிருந்தால் பிரசவ அறையில்தான் தெரியும். தெரியும்போது அந்தப் பெண்ணுக்கு நேரம் இருக்காது.

அந்த ஃபிரிட்ஜுக்குள் என் காசில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்திருக்கிறேன், பக்கத்தில் ஒரு நோட்டும். வரும் மீட்டிங்கில் அந்த நோட்டைக் காட்டி ஒரு கருவி கேட்கப்போகிறேன். நேற்று மதியம் இரண்டு மணிக்குத் திறந்து பார்த்தபோது 11 டிகிரி. 11 என்றே எழுதினேன்.