கிரவல் கல்லுக்கு எந்த மெஷின்? உருளையா, அதிரும் கிண்ணமா?

கிளிநொச்சியில் எங்கள் ஒழுங்கைக்கு ஒரு லோட் கிரவல் பறித்தார்கள். மாரி மழை சிவப்பு மண்ணைக் கழுவிக்கொண்டு போக, கொட்டைப்பாக்கு அளவில் வெள்ளைக் கற்கள் மிஞ்சின. ஒன்றை நனைத்து வெயிலில் பிடித்தால் ஓரம் கண்ணாடி மாதிரி வெளிச்சம் விட்டது. எனக்குப் பைத்தியம் பிடித்தது அன்றைக்குத்தான். இந்தக் கற்களை உருட்டி மினுக்கும் மெஷினுக்கு டம்ளர் என்று பெயர். கடையில் கேட்டால் தேத்தண்ணி குடிக்கிறதை எடுத்து நீட்டுவார்கள்.

வீட்டில் வைக்கக்கூடியவை இரண்டு வகை. ஒன்று, படுக்க வைத்த உருளை மெதுவாகச் சுற்றுவது. மற்றது, கிண்ணம் ஒன்றை மோட்டர் அதிரவிடுவது. எது திறம் என்று கேட்பதற்கு முன்னால் கையில் இருக்கும் கல்லைப் பார்க்க வேண்டும். வன்னியின் அடிப்பாறை மிகப் பழையது. இலங்கைப் பாறைகளில் ஒரு பெரும் பிரிவுக்கே புவியியலாளர்கள் ‘வன்னித் தொகுதி’ என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து உடைந்து வரும் வெள்ளைக் குவாட்ஸ் கல், கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் 7. மன்னார்க் கரையோரச் சுண்ணாம்புக்கல் வெறும் 3. இரண்டையும் ஒரே உருளையில் போட்ட கெட்டிக்காரன் நான். ஒரு கிழமை கழித்துத் திறந்தால் குவாட்ஸ் அப்படியே இருக்க, சுண்ணாம்புக்கல் கஞ்சியாகிவிட்டிருந்தது. கத்தி முனையால் கீறிப் பாருங்கள். கோடு விழுந்தால் அதை ஒதுக்கிவிடுங்கள். கருங்கல்லிலும் பெரிய ஆசை வைக்க வேண்டாம். உள்ளே மினுங்கும் மைக்காத் தகடுகள் முதலில் தேய்ந்து குழி குழியாகிவிடும்.

சரி, உருளைக்கு வருவோம். முக்கால்வாசிக்குக் கல், மேல்கற்களின் அடி தொடும் அளவுக்குத் தண்ணீர், கல்லைத் தேய்க்கும் சிலிக்கன் காபைட் தூள். எண் கூடக் கூடத் தூள் நுண்ணியது. முதலில் 60/90 என்ற கரடுமுரடான தூள், அப்புறம் 120/220, பிறகு 500, கடைசியில் அலுமினியம் ஒக்சைட் மெருகு. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரு கிழமை. முதல் கட்டம் கல் உருண்டையாகும்வரை இரண்டு மூன்று தடவையும் ஓடலாம். ஒரு கட்டத்தின் தூள் ஒரு பொட்டு அடுத்ததற்குள் போனாலும் மெருகில் கீறல்தான். கல்லின் வெடிப்பையெல்லாம் பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவுவதே இந்த வேலையின் பாதி.

அதிரும் கிண்ணம் ஒரு கிழமை, பத்து நாளில் மெருகு வரை போய்விடும். ஆனால் அது கல்லின் வடிவத்தை மாற்றாது. இருக்கிற வடிவத்தை மினுக்கும், அவ்வளவுதான். ஆற்றில் உருண்டு வந்த கல்லுக்கு அது தோது. கிரவல் கல்லோ முனை முனையாக உடைந்தது. இன்னொரு சிக்கலும் உண்டு: கிண்ணத்துக்குள் தண்ணீர் ஈரமளவுக்குத்தான் விட வேண்டும். சோளகம் வீசும் மாதங்களில் அது காய்ந்து சாந்தாகிவிடும். நாளுக்கு மூன்று நான்கு தரம் தண்ணீர் தெளிக்க வேண்டும். வேலைக்குப் போகிற ஆளுக்குச் சரிவராது. சத்தமும் கூட. என் உருளை விறாந்தையில் ஓடுகிறது. ஓட்டில் தூறல் விழுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். “தம்பி, கல்லு இன்னும் அவியேல்லையோ?” என்று பக்கத்து வீட்டு ஆச்சி மட்டும் தினமும் கேட்பார்.

என் தெரிவு உருளைதான். கரண்ட் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 25 வாட் மோட்டர் இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 0.6 அலகு, மாதம் 18. சின்னதாகத் தெரியும். ஆனால் மாதப் பாவனை 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே வேறு கட்டணம். நீங்கள் 50இல் நிற்கும் வீடு என்றால் யோசியுங்கள். வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் மெஷின் அனுப்பினால் வோல்ட்டைப் பாருங்கள். அமெரிக்க, கனடா மெஷின்களை எங்கள் 230இல் நேராகச் செருகினால் புகைதான்.

மெஷினை வீட்டிலேயே செய்யலாமா? செய்யலாம். ஆனால் தையல் மெஷின் மோட்டர் வேண்டாம், அது நாள்கணக்கில் ஓடச் செய்ததில்லை. நிமிடத்துக்கு 1440 சுற்றும் மோட்டரை ஆறுக்கு ஒன்று கப்பியால் 240 ஆக்கி, ஒரு அங்குலத் தண்டின்மேல் ஆறு அங்குல வாளியைப் படுக்க வைத்தால் 40 சுற்று வரும். அது போதும். வேகம் கூடினால் கல் சுவரோடு ஒட்டிக்கொண்டு சும்மா சுற்றும், தேயாது.

ஒரே ஒரு கல்தான் என்றால் மெஷினே வேண்டாம். கார் பெயின்ற் அடிப்பவர்கள் பாவிக்கும் வோட்டர் பேப்பரில் 220இல் தொடங்கி 2000 வரை, தண்ணீர் விட்டுத் தேயுங்கள். உலரத் தேய்க்க வேண்டாம். குவாட்ஸ் தூசு நுரையீரலுக்கு நஞ்சு.

எந்த வழியானாலும் கழிவுச் சேற்றைக் குசினிக் குழாயில் ஊற்றாதீர்கள், உள்ளே இறுகிச் சீமெந்தாகிவிடும். கிணற்றுக்குத் தள்ளி வளவின் மூலையில் ஒரு கிடங்கு போதும். கல் பொறுக்கவும் ஒழுங்கை, வீதியோரம், ஆட்கள் குளிக்கும் ஆற்றங்கரை என்று நடமாட்டம் உள்ள இடமாகப் பாருங்கள். கண்ணிவெடி எச்சரிக்கையாகச் சிவப்பு மண்டையோட்டுப் பலகை நிற்கும் பக்கம் வைரமே கிடந்தாலும் கால் வைக்காதீர்கள்.