பழைய வீட்டின் மொட்டைச் சுவர்: பல மழைகளுக்குப் பிறகு

ஜன்னலோ வாசலோ இல்லாத பக்கவாட்டுச் சுவர் அது. தெருவிலிருந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுவதும் அதுதான். அதை அழகாக்கச் செய்தவற்றில் எது நின்றது, எது நிற்கவில்லை என்பது பல மழையும் வெயிலும் போன பிறகு இப்போது தெளிவாகத் தெரிகிறது.

வண்ணத்தை விட நிழல்தான் அந்தச் சுவரை மாற்றியது. கொத்தனாரிடம் சொல்லி, தளமட்டத்தில் ஒரு பட்டையும் உச்சியில் இன்னொன்றும் சுவரை விட்டு இரண்டு அங்குலம் துருத்தி நிற்கும்படி பூசச் சொன்னோம். வெயில் சாயும்போது அந்தப் பட்டைகளின் அடியில் விழும் நிழல் கோடுதான் வெறும் சுவருக்கு ஒரு முகம் கொடுத்தது. பட்டையின் மேற்பகுதிக்குச் சற்றுச் சரிவு வேண்டும், அடிப்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு சிறு காடி, அதாவது பள்ளக் கோடு, வேண்டும். தண்ணீர் அந்தக் காடியைத் தாண்ட முடியாமல் அங்கேயே சொட்டிவிடும், சுவரில் வழியாது. ஒரு மூலையில் மட்டும் காடி பூச்சில் அடைபட்டுப்போனது. அந்த இடத்துக்குக் கீழே கைவிரல் அகலத்துக்குக் கறுப்பாகப் பாசிக் கோடு இறங்கியிருக்கிறது. மற்ற இடமெல்லாம் சுத்தம்.

அடுத்து ஈரம். பழைய சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியதாக இருந்தால், உள்ளே ஏறும் ஈரம் மேற்பூச்சு வழியாக ஆவியாக வெளியேற வேண்டும். அதன் மேல் கெட்டியான சிமென்ட் பூச்சோ மூச்சுவிடாத பெயின்டோ ஏறினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்பு பூத்து, பொரிந்து உதிரும். தரையிலிருந்து ஏறும் ஈரம் பெரும்பாலும் முதல் ஒரு மீட்டருக்குள்தான் தன் வேலையைக் காட்டும். பெயின்டுக்கு முன் ஒரு பாலித்தீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவரில் ஈரம் இருக்கிறது. புதிதாகச் சிமென்ட் பூசிய இடம் என்றால் குறைந்தது 28 நாள் ஆறவிட வேண்டும். இதில் அவசரப்படுத்தும் பெயின்டர் பேச்சைக் கேட்கவே கூடாது.

வண்ணம் காவிச் சாயல். அந்த நிறத்தைத் தரும் இரும்பு ஆக்சைடு நிறமிகள் வெயிலுக்கு அசராது, இன்றும் வெளுக்கவில்லை. பளிச்சென்ற சிவப்பில் ஒரு சின்னக் கட்டம் அடித்திருந்தோம், அது வெளிறிப் போய்விட்டது. டெக்ஸ்சர் பூச்சு பார்க்கப் பிரமாதம், ஆனால் சொரசொரப்பில் தூசி அடைகிறது. தரையோரம் மழை தெறிக்கும் ஒன்றிரண்டு அடிக்கு அது வேண்டவே வேண்டாம். அங்கே கழுவித் துடைக்கக்கூடிய வழவழப்பான, அடர்நிறப் பூச்சுதான் சரி.

அப்புறம் கொடி. எனக்கு மிகப் பிடித்தது இதுதான். சுவரிலேயே வேர்விட்டு ஒட்டி ஏறும் வகை பழைய காரைக்கு ஆகாது, விரிசலுக்குள் நுழைந்து பூச்சைப் பெயர்த்துவிடும். நாங்கள் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கம்பிச் சட்டம் நிறுத்தி, அதில் முல்லை ஏற்றினோம். இடையில் காற்று ஓடுவதால் சுவர் சீக்கிரம் காய்கிறது. சட்டத்தைக் கொக்கியில் மாட்டும்படி வைத்திருக்கிறோம். மறுபடி பெயின்ட் அடிக்கும்போது கொடியோடு சேர்த்துக் கழற்றி முன்னால் சாய்த்துக்கொள்ளலாம், செடியை வெட்ட வேண்டியதில்லை.