கில்லா, டொனாவா? கற்பனை ஐரிஷ் ஊருக்கு எந்த முன்னொட்டு?

அயர்லாந்தில் நடக்கும் கதை எழுதுகிறவர்கள் ஊர்ப் பெயரில் தடுமாறுவார்கள். கில், டொனா இரண்டுமே ‘தேவாலயம்’தான். இரண்டும் லத்தீனிலிருந்து ஐரிஷ் மொழிக்கு வந்தவை.

வேர்
கில்: ‘செல்லா’, அதாவது சிற்றறை. துறவியின் அறை மடமாகி, பிறகு தேவாலயமானது.
டொனா: ‘டொமினிகம்’, ஆண்டவருக்குரியது.

பரவல்
கில்: எங்கும் உண்டு. கில்டேர் என்றால் ‘கருவாலி மரத்துத் தேவாலயம்’, புனித பிரிஜிட்டின் ஊர். கில்கென்னி, புனித கெனிஸின் பெயரைத் தாங்கியது. ஸ்காட்லாந்தில் கில்மார்னக் இருக்கிறது. ஆட்பெயருக்குள்ளும் இச்சொல் புகுந்தது: 563-இல் ஸ்காட்லாந்தின் ஐயோனா தீவுக்குப் போன துறவி, புனித கொலம்பாவை ஐரிஷில் ‘கொலம் கில்லெ’ என்பார்கள், தேவாலயத்தின் புறா. எனக்கு மிகவும் பிடித்த பெயர் இது.
டொனா: குறைவு. டொனாமோர், ‘பெரிய தேவாலயம்’.

பழமை
டொனாவே முந்தும். கிறிஸ்தவம் நுழைந்த தொடக்க காலத்து அடுக்கு அது. புதிய பெயர்களில் சீக்கிரமே வழக்கொழிந்தது.

குழப்பம்
கில்: ஆங்கில எழுத்தில் ‘காடு’ எனும் ‘கொய்ல்’லும் கில் ஆகிவிடும். ஐரிஷ் வடிவத்தைப் பார்க்காமல் பொருள் சொல்லக்கூடாது.
டொனா: இன்றைய ஐரிஷில் இதே சொல் ஞாயிற்றுக்கிழமை.

சரி, எதை எடுப்பது? ஒரு புனிதரின் பெயரோடு சேர்க்க கில்தான் இயல்பு. அயர்லாந்தில் கிறிஸ்தவத்தைப் பரப்பிய புனித பாட்ரிக்கின் காலத்துப் பழமை தெரிய வேண்டுமென்றால் டொனா. இன்றைய பாத்திரம் தன் கத்தோலிக்கத் தேவாலயத்தைச் சொல்வதாக இருந்தால் இரண்டும் வேண்டாம், அதற்கு இன்றைய ஐரிஷ் சொல்லான ‘ஷேபேல்’ போதும்.