கூஜி வைலிஸ் பாத்ஸ்: ஒலிம்பிக் வெள்ளிப் பதக்கத்தின் பிறந்தகத்தில் ஒரு நீச்சல்

சிட்னியின் கிழக்குக் கரையில், கூஜி கடற்கரைக்குச் சற்றுத் தெற்கே, நெப்டியூன் தெருவிலிருந்து இறங்கும் பாறைச் சரிவில் அமைந்திருக்கிறது வைலிஸ் பாத்ஸ் என்னும் கடல்நீர்க் குளம். இதைப் பற்றி எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் அதன் காட்சியழகைப் புகழ்வதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தப் புகழ்ச்சி முற்றிலும் தகும். ஆனால் இந்த இடத்தின் பெருமையில் அது பாதிதான். ஒலிம்பிக்கில் பெண்களுக்கு நீச்சல் போட்டி முதன்முதலாக நடத்தப்பட்ட 1912ஆம் ஆண்டில் வெள்ளிப் பதக்கம் வென்ற மினா வைலியின் தந்தை கட்டிய குளம் இது. அந்தத் தலைமுறைப் பெண்களின் வரலாற்றோடு நேரடித் தொடர்புள்ள இடங்களில், இன்றும் சில டாலர் கட்டணம் செலுத்திவிட்டு உள்ளே இறங்கி நீந்தக்கூடிய இடம் இதைவிடச் சிறந்ததாக வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. அதனாலேயே இந்த மதிப்புரையில் குளத்தையும் அந்த வரலாற்றையும் பிரிக்காமல் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் குளம். ஏறத்தாழ 50 மீட்டர் நீளமுள்ள இதன் அடித்தளம் இயற்கையான பாறை. கடலுக்கும் குளத்துக்கும் நடுவே சிமெண்டால் கட்டிய ஒரு தாழ்வான சுவர் மட்டுமே உள்ளது. ஓதம் (கடல்நீர் மட்டம்) ஏறும் நேரத்தில் அலைகள் அந்தச் சுவரைத் தாண்டி உள்ளே கொட்டுகின்றன; ஓதம் இறங்கியபின் நீர் தெளிந்து, பாறை இடுக்குகளில் ஒட்டியிருக்கும் கடல் முள்ளெலிகளையும் அவற்றுக்கு நடுவே நழுவிச் செல்லும் சிறு மீன்களையும் நீச்சல் கண்ணாடி வழியே நன்றாகப் பார்க்கலாம். குளத்துக்கு மேலே, பாறையில் ஊன்றிய தூண்களின்மீது, மரப்பலகைகளாலான நீண்ட நடைமேடை குன்றின் பக்கமாகச் செல்கிறது. பலகைகளின் இடைவெளியில் பாறையும் நீரும் தெரிகின்றன. நிமிர்ந்து பார்த்தால் கூஜி வளைகுடாவும், வெடிங் கேக் ஐலண்ட் என்று இவ்வூரார் அழைக்கும் பாறைத் திட்டின்மீது அலைகள் மோதிச் சிதறுவதும் தெரியும். புயல்களால் பலமுறை சேதமுற்ற இந்த மரக்கட்டமைப்பு 1990களின் நடுவில் பழைய வடிவம் கெடாமல் புதுப்பிக்கப்பட்டது. நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மரபுச் சொத்துப் பட்டியலில் இக்குளம் இடம்பெற்றிருக்கிறது. கண்ணாடியும் பளிங்கும் வைத்து இதை நவீனப்படுத்தும் ஆசைக்கு யாரும் இடம்கொடுக்காமல் இருந்ததே இங்கு நடந்த மிக நல்ல காரியம் என்று நான் கருதுகிறேன்.

இக்குளத்தை 1907இல் அமைத்தவர் ஹென்றி வைலி. நெடுந்தூர நீச்சலிலும் நீருக்கடியில் நீந்துவதிலும் பெயர்பெற்றவர் அவர். ஆண்களும் பெண்களும் ஒரே நேரத்தில் நீராடலாம் என்று அனுமதித்த முதல் குளங்களுள் ஒன்றாக ஆஸ்திரேலிய வரலாற்றில் இது குறிப்பிடப்படுகிறது. இன்று அதைக் கேட்டால் அதில் என்ன பெருமை என்றுதான் தோன்றும். ஆனால் அக்காலத்துச் சிட்னியில் பெண்களுக்குத் தனி நேரமோ தனி இடமோ ஒதுக்குவதே வழக்கம் என்பதையும், பெண்கள் போட்டியிடும் இடத்தில் ஆண்கள் பார்வையாளராக இருப்பதே பெரிய சர்ச்சையாக இருந்தது என்பதையும் நினைவில் கொண்டால்தான், ஒரு தகப்பனார் தன் மகள் நீந்தும் இடத்தை எல்லாருக்கும் பொதுவாக வைத்ததன் துணிவு விளங்கும். மினா ஐந்து வயதிலிருந்தே தன் சகோதரர்களுடன் நீச்சல் வித்தைகள் காட்டி வளர்ந்தவர். அந்த வீட்டில் நீர் என்பது ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று பங்கு போடப்பட்டிருக்கவில்லை.

மினாவின் பெயரை, அதே 1912 போட்டியில் தங்கம் வென்ற ஃபேனி டியூராக்கின் பெயரோடு சேர்த்துச் சொல்லாமல் இருக்க முடியாது. 1889இல் சிட்னியில் பிறந்த ஃபேனி, நீச்சல் கற்றதும் இதே கூஜியில்தான். மினா அவரைவிட இரண்டு வயது இளையவர். இருவரும் நெருங்கிய தோழிகள். நீரில் இறங்கினால் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காத போட்டியாளர்கள். 1910-11ஆம் ஆண்டுப் பருவத்தில் ரோஸ் பே பகுதியில் நடந்த ஆஸ்திரேலியச் சாம்பியன் போட்டிகளில் 100 கஜம், 220 கஜம் ஃப்ரீஸ்டைல் இரண்டிலும், 100 கஜம் பிரெஸ்ட் ஸ்ட்ரோக்கிலும் ஃபேனியை மினா தோற்கடித்தார். மினாவை என்றும் இரண்டாமிடத்துக்காரராகவே நினைப்பவர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது. ஏறக்குறைய இதே காலத்தில்தான் ஃபேனி, கால்களைக் கத்தரிபோல் வெட்டி நீந்தும் பழைய ட்ரஜன் முறையைக் கைவிட்டு, கால்களை மேலும் கீழுமாக உதைத்து நீந்தும், அப்போது புதிதாகப் பரவிவந்த ஆஸ்திரேலியன் கிரால் முறைக்கு மாறினார். அதன்பின் சில ஆண்டுகளுக்கு அவரை எட்டிப்பிடிக்க உலகில் யாராலும் இயலவில்லை.

1912இல் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கும் நீச்சல் உண்டு என்று அறிவிக்கப்பட்டபோது, இவ்விருவருக்கும் முதல் தடையாக நின்றது வெளியூர்ப் போட்டியாளர் எவரும் அல்லர். நியூ சவுத் வேல்ஸ் பெண்கள் நீச்சல் சங்கத்தின் சொந்த விதிதான். ஆண்கள் கூடியிருக்கும் போட்டியில் பெண்கள் பங்குபெறக் கூடாது என்றது அவ்விதி. அந்தச் சங்கத்தின் தலைவர் ரோஸ் ஸ்காட், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று அந்த மாநிலத்தில் முன்னின்று போராடிய பெருமாட்டி. நீச்சலுடையில் இருக்கும் இளம்பெண்களை ஆண்கள் கூட்டம் வேடிக்கை பார்ப்பது அப்பெண்களுக்கு இழிவு என்று அவர் உறுதியாக நம்பினார். அவரை வில்லியாக்கிக் கதை சொல்வது எளிது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் அஞ்சியது இல்லாத ஒன்றை அல்ல; பெண் விளையாட்டு வீரர்களை உடலாக மட்டும் பார்க்கும் பார்வை இன்றும் ஒழியவில்லை. ஆனால், பார்க்கிறவனின் குற்றத்துக்குத் தண்டனை நீந்துகிறவளுக்கு என்று ஆகிவிட்டதே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பொதுமக்களும் பத்திரிகைகளும் அன்று அதையே கேட்டார்கள். எதிர்ப்பு வலுத்தபின் சங்கம் விதியைத் தளர்த்தியது; ரோஸ் ஸ்காட் பதவி விலகினார்.

விதி தளர்ந்தது, செலவு மட்டும் அவரவர் பொறுப்பில் விடப்பட்டது. நாடக அரங்குகள் நடத்திவந்த ஹியூ மக்கின்டாஷின் மனைவி ஃபேனிக்காக நிதி திரட்டினார். மினாவின் செலவைக் குடும்பமும் நண்பர்களும் ஏற்றார்கள். துணைக்கு ஃபேனியின் சகோதரி மேரியும், மினாவின் தந்தை ஹென்றியும் சென்றார்கள். ஆக, இந்தக் குளத்தைக் கட்டியவரே ஸ்டாக்ஹோம் வரை மகளுக்கு உடன்சென்று வந்திருக்கிறார்.

ஸ்டாக்ஹோமில் போட்டி நடந்தது கட்டிமுடித்த உள்ளரங்கக் குளத்தில் அல்ல. ஒரு கடற்கழியின் விரிந்த நீரில், மரக்கட்டமைப்புகளால் வரையறுத்த 100 மீட்டர் தடத்தில்தான். 8 நாடுகளைச் சேர்ந்த 27 பெண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் இறங்கினார்கள். முதற்சுற்றிலேயே ஃபேனி 1 நிமிடம் 19.8 விநாடியில் நீந்தி, இங்கிலாந்தின் டெய்சி கர்வனிடமிருந்த உலகச் சாதனையை முறியடித்தார். பாவம், டெய்சி இறுதிச்சுற்றுக்குத் தகுதிபெற்றும் குடல்வால் அறுவை சிகிச்சைக்காக விலக நேர்ந்தது. இறுதியில் ஃபேனி 1:22.2, மினா 1:25.4, இங்கிலாந்தின் ஜென்னி ஃப்ளெட்சர் 1:27.0. 1896இல் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கான 100 மீட்டரில் ஹங்கேரியின் ஆல்ஃப்ரெட் ஹாயோஷ் தங்கம் வென்ற நேரமும் அதே 1:22.2 என்பதைக் கவனியுங்கள். நீரும் வானிலையும் வேறுதான் என்றாலும், பெண்களால் இயலாது என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த ஒரு எண் போதுமான விடையாக இருந்திருக்க வேண்டும். மூன்றாமிடம் பெற்ற ஜென்னி, லெஸ்டர் நகரில் வாரத்தில் ஆறு நாளும் நாளுக்கு 12 மணி நேரம் வேலை செய்துவிட்டு மிச்ச நேரத்தில் பயிற்சி செய்தவர்.

அதே ஒலிம்பிக்கின் 4×100 மீட்டர் தொடர் நீச்சலுக்கு நால்வர் வேண்டும். ஃபேனியும் மினாவும் ஆளுக்கு இரண்டு முறை நீந்துகிறோம் என்று கேட்டார்கள், அனுமதி கிடைக்கவில்லை. தங்கம் பிரிட்டனுக்குப் போனது. அமெரிக்கா அந்த ஆண்டு நீச்சலுக்குப் பெண்களை அனுப்பவே இல்லை.

இவ்வளவும் தெரிந்துகொண்டு வைலிஸ் பாத்ஸில் இறங்குவதற்கும், தெரியாமல் இறங்குவதற்கும் வேறுபாடு இருக்கிறது. நீளவாக்கில் ஒருமுறை போய்த் திரும்பினால் ஏறத்தாழ 100 மீட்டர் ஆகிறது. நகராட்சிக் குளங்களில் நீந்திப் பழகியவர்களுக்கு அடியில் கறுப்புக் கோடு இல்லாமல் நேராகச் செல்வது கடினம் என்பது முதல் சில வீச்சுகளிலேயே தெரிந்துவிடும்; கடல் தாங்கிப் பிடிப்பதால் உடல் இலேசாகிறது, ஆனால் சுவரைத் தாண்டி வரும் அலை பக்கவாட்டில் தள்ளும்போது மூச்சு விடும் கணக்குத் தவறுகிறது, ஒரு வாய் உப்புநீர் உள்ளே போகிறது. அந்தக் காலத்தில் பெண்கள் உடுத்திய கம்பளி நூல் நீச்சலுடை நனைந்ததும் கனத்துத் தொங்கும் என்பதையும் இதோடு கூட்டிப் பார்த்தால், 1:22.2 என்பது எத்தகைய வேகம் என்று உடம்புக்கே புரிகிறது. எந்த அருங்காட்சியகக் கண்ணாடிப் பேழையாலும் தர முடியாத அறிவு இது. குளத்தருகே மினாவின் வெண்கலச் சிலை ஒன்றும் இருக்கிறது. குழந்தைகளை அழைத்துச் செல்கிறவர்கள் அதன் முன் ஐந்து நிமிடம் நின்று அவர் யார் என்று சொல்லிவிட்டு நீரில் இறக்கினால் நன்றாக இருக்கும்.

இனி நடைமுறைச் செய்திகள். காலை 7 மணிக்குத் திறக்கிறார்கள். மூடும் நேரம் பருவத்துக்கேற்ப மாறுகிறது. தெருவிலிருந்து நீர்மட்டம் வரை படிகள் இறங்க வேண்டியிருப்பதால், முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் மேல் நடைமேடையிலேயே அமர்ந்து கடலைப் பார்ப்பது உத்தமம், அதற்கென்றே வரலாம். அடியில் பாறையும் கடல் முள்ளெலியும் இருப்பதால் ரப்பர் காலணி அணிந்து இறங்குங்கள், கண்ட இடத்தில் கால் ஊன்றாதீர்கள். கோடையின் கடைசியில் நீர் 22, 23 டிகிரி வரை இதமாக இருக்கும். குளிர்காலத்தில் 17, 18 டிகிரிக்கு இறங்கிவிடும், பழக்கமில்லாதவர்கள் சற்று நேரத்தில் கரையேறிவிட வேண்டும். வார இறுதிகளில் கூஜியில் வண்டி நிறுத்த இடம் தேடுவது பெரும்பாடு என்பதால், லைட் ரயிலில் ரேண்ட்விக் வரை வந்து அங்கிருந்து பஸ் பிடிப்பதே நிம்மதி.

ஆண்கள் இல்லாத இடத்தில் நீந்தவே விருப்பம் என்கிற பெண்களுக்கு, இங்கிருந்து சில நிமிட நடையில், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் மட்டுமான மக்கைவர்ஸ் லேடீஸ் பாத்ஸ் இருக்கிறது. ரோஸ் ஸ்காட்டின் கருத்துக்கும் ஹென்றி வைலியின் கருத்துக்கும் தனித்தனியே ஒரு குளம் வைத்ததுபோல், இரண்டும் அடுத்தடுத்து நூறாண்டுக்கு மேலாக இயங்கிவருகின்றன. எங்கே நீந்துவது என்பதைப் பெண்ணே தீர்மானிக்கிறாள். சங்கத்தின் விதி தீர்மானிப்பதில்லை. எனக்கு அது நிறைவளிக்கிறது. நம் தமிழ்க் குடும்பங்களில் வளர்ந்தபின் நீச்சல் கற்கத் தயங்கும் பெண்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது மக்கைவர்ஸ். அங்கே தண்ணீர் பயம் தெளிந்தபின் வைலிஸ் பாத்ஸுக்கு வரலாம்.

நேரம் இருந்தால் பாண்டை–கூஜி கடலோர நடைபாதையில் வடக்கே நடந்து வேவர்லி கல்லறைத் தோட்டம் வரை செல்லுங்கள். 1956இல் மறைந்த ஃபேனி டியூராக் அங்கேதான் துயில்கிறார். 1912 முதல் 1918 வரை பெண்கள் நீச்சலில் பல உலகச் சாதனைகளைப் படைத்த அவர், போரினால் 1916 ஒலிம்பிக்கையும், குடல்வால் அழற்சியும் அதைத் தொடர்ந்த டைஃபாய்டு, நிமோனியாவும் வந்ததால் 1920 ஒலிம்பிக்கையும் இழந்தார். பின்னாளில் சிறுவர்களுக்கு நீச்சல் கற்பித்தார். மினாவோ 115 மாநில, தேசியப் பட்டங்கள் வென்றபின், 1928 முதல் 1970 வரை பிம்பிள் லேடீஸ் காலேஜ் பள்ளியில் மாணவிகளுக்கு நீச்சல் ஆசிரியையாக இருந்தார்.

வருகைக்கு முன் ஓத அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளோடும் கற்றுக்குட்டிகளோடும் வருகிறவர்களுக்கு ஓதம் இறங்கிய முற்பகல் ஏற்றது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள், அலை ஓரளவு அமைதியாக உள்ள ஒரு நாளில், ஓதம் ஏறத் தொடங்கும் வேளையில் வந்து, நிறுத்துக் கடிகாரம் கட்டிக்கொண்டு ஒரு 100 மீட்டர் நீந்திப் பாருங்கள், மினாவின் 1:25.4 எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.