கையடக்க முறிவுமானி: கச்சானில் கைகொடுக்கும், மாரியில் கைவிடும்

மட்டக்களப்பு வாவிக்கரையில் கண்டல் (உவர்நீரில் வளரும் மரங்கள்) நடுகிறவர்களுக்கும், கடற்புல் கணக்கெடுக்கத் தோணி ஏறும் தொண்டர்களுக்கும் தண்ணீரின் உப்பளவு தெரியாமல் வேலை நகராது. அதற்குக் கடைகளில் மலிவாகக் கிடைப்பது ஒரு சாண் நீளக் குழாய் போன்ற ரிஃப்ராக்டோமீற்றர், தமிழில் முறிவுமானி: தண்ணீரில் ஒளி எவ்வளவு முறிந்து வளைகிறது என்பதை வைத்து உப்பைச் சொல்வது. இதற்குப் பற்றரி தேவையில்லை. முனையில் இருக்கும் கண்ணாடி அரியத்தில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, மூடியைச் சாய்த்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்தால் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோட்டில் அளவு தெரியும். ஆயிரம் கிராம் உப்புத்தண்ணீரில் எத்தனை கிராம் உப்பு என்பதுதான் கணக்கு. சுழியத்திலிருந்து நூறு வரை காட்டும் மாதிரியைத்தான் இங்கே பார்க்கிறோம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. மலிவான மானிகளில் பல, கறியுப்புக் கரைசலுக்காகக் கோடு போட்டவை. கடல்நீரில் கறியுப்பு மட்டுமா இருக்கிறது? மக்னீசியம், சல்பேற்று எல்லாம் சேர்ந்து ஒளியைக் கொஞ்சம் வேறு விதமாக முறிக்கும். 35 உள்ள கடல்நீரை அந்த மானி 36.5 என்று காட்டும். பெட்டியில் ‘கடல்நீர்’ என்று எழுதியிருந்தாலும் நம்பிவிடாமல் சோதித்துப் பாருங்கள். நன்றாகக் காய்ந்த தூளுப்பு 36.5 கிராம், காய்ச்சி வடித்த நீர் 963.5 கிராம், இரண்டையும் கலக்கினால் அந்தக் கரைசல் 35 உள்ள கடல்நீரைப் போலவே ஒளியை முறிக்கும். கடல்நீர்க் கோடு உள்ள மானி அதில் 35 காட்ட வேண்டும். 36.5 காட்டினால் கையில் இருப்பது உப்புக்கரைசல் மானி. அதையும் தள்ளிவிட வேண்டியதில்லை, திருத்தக் கணக்கைக் குறிப்புக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்தால் போதும். கட்டியுப்பு மட்டும் வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதால் தராசில் ஏறுவது முழுக்க உப்பாக இருக்காது.

‘கடல் பக்கத்தில்தானே இருக்கிறது, கல்லடிக் கடல்நீரை 35 என்று வைத்துச் சரிபார்ப்போமே’ என்பது இன்னொரு குறுக்குவழி. அது பிழையாகிவிடும். வாடைக் காலத்தில் வங்காள விரிகுடாவின் ஆற்றுநீர் கலந்த மேற்பரப்பு நீர் நம் கரையோரமாக இறங்கி வருவதால் அந்த மாதங்களில் கடலே 35க்குக் கீழே நிற்கும்.

சுழியம் வைப்பது சுலபம். எரிபொருள் நிலையத்தில் விற்கும் உப்பில்லாத பற்றரித் தண்ணீர் போதும் (அசிட் போத்தலும் அதே தட்டில்தான் இருக்கும், லேபிளைப் பார்த்து எடுங்கள்). இரண்டு சொட்டு விட்டு, கூட வரும் சின்ன ஸ்க்ரூ டிறைவரால் மேலிருக்கும் திருகாணியைத் திருப்பிக் கோட்டைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும். இதை வீட்டு மேசையில் செய்துவிட்டுத் தோணியில் ஏறுவதில்தான் கோளாறு. வெப்பத்தைத் தானாகத் திருத்தும் என்று விற்கிறார்கள். உள்ளே இருக்கும் ஈருலோகத் தகடு 10 முதல் 30 பாகை செல்சியஸ் வரைதான் அந்த வேலையைச் செய்யும். மதியம் வாவியின் ஆழமில்லாத இடத்தில் தண்ணீரே அதைத் தாண்டிவிடும், தோணிப் பலகையில் வெயிலில் வைத்த மானியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பத்து மணிக்குள் வேலையை முடிப்பது நல்லது. மானியையும் சுழியத் தண்ணீரையும் ஒரே துணிப்பையில் நிழலில் வைத்து, இடத்துக்குப் போனபின் ஒரு தடவை சரிபாருங்கள். அரை மணிக்கொரு தடவை சரிபார்ப்பது மிகையாகத் தோன்றும், ஆனால் செய்கிற குழுவின் கணக்குத்தான் நிற்கும்.

ஆண்டின் நடுப்பகுதியில் வீசும் வறண்ட கச்சான் காற்றும் தன் பங்குக்கு விளையாடும். சொட்டை விட்டு மூடியைத் திறந்தபடி பேசிக்கொண்டு நின்றால், அந்தக் காற்றுக்கு மெல்லிய நீர்ப்படலம் உலர்ந்து அளவு மெல்ல மெல்ல ஏறும். விட்டவுடன் மூடி, குமிழி இல்லையென்று பார்த்து, அரை நிமிடம் பொறுத்து வாசிக்க வேண்டும். ஒரே தண்ணீரை மூன்று தடவை வாசியுங்கள், ஒவ்வொரு தடவையும் துடைத்துவிட்டுப் புதுச் சொட்டில். கலங்கல் தண்ணீரில் கோடு மங்கும், அதைப் போத்தலில் தெளிய விட்டு மேல்நீரை எடுங்கள்.

மானியின் உண்மையான பலவீனம் மாரியில் தெரியும். கார்த்திகை, மார்கழியில் வயல்நீரும் குளநீரும் இறங்கும்போது மண்டூர்ப் பக்கம் வாவி ஏறக்குறைய நன்னீர்தான். இந்த மானியின் துல்லியம் ஒன்று கூட, ஒன்று குறைய. 34இல் ஒன்று பிசகினால் பரவாயில்லை, 2இல் பிசகினால் அதற்குப் பெயர் அளவீடா? அந்த மாதங்களுக்கு மின்கடத்துதிறன் மானியை இரவல் வாங்குங்கள். போதாக்குறைக்கு, அப்போது லேசான நன்னீர் மேலே ஓட, கனத்த உப்புநீர் அடியில் தங்கும். பாலமீன்மடு முகத்துவாரத்துக்குக் கிட்ட மேல்நீரை மட்டும் அள்ளி அளந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். அடிநீர் எடுக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு சோடாப் போத்தல், கழுத்தில் வலைக்குப் போடும் ஈயக்குண்டுகள், நூல் கட்டிய தக்கை. இறக்கிய பின் தக்கையை வெடுக்கென்று இழுத்தால் குமிழி கிளம்பும். குமிழி நின்றதும் தூக்கலாம்.

தாளில் ஒரு நிரல் கூடுதலாகப் போடுங்கள்: அன்று முகத்துவாரம் வெட்டித் திறந்திருந்ததா, மணல் மூடியிருந்ததா. நம் கரையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. வாவியின் உப்பைப் பெரிதாக மாற்றுவது மழையும் அந்த மணல்திட்டும்தான். இந்த நிரல் இல்லாத அட்டவணையை அடுத்த வருடம் யாராலும் விளங்கிக்கொள்ள முடியாது.

கண்டல் நடுகைக்கு இந்த மானி கொடுத்த காசுக்கு மேலேயே உழைக்கும். சுனாமிக்குப் பிறகு இலங்கையில் நட்ட 23 இடங்களைப் பார்த்து 2017இல் வெளியான ஆய்வில், 9 இடங்களில் ஒரு கன்றும் மிஞ்சவில்லை. பிழையான நிலம், பொருந்தாத உப்பு, நட்டபின் பராமரிக்காதது, மாடு என்று காரணங்கள் பல. உப்பை மட்டுமாவது முன்கூட்டியே பார்க்கலாம். நடப்போகும் இடத்தில் முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, ஊறும் நீரைத் துணியில் வடித்து அளந்து பாருங்கள். வாவிநீர் 20 என்று காட்டும் நாளிலும், தண்ணீர் எப்போதாவது மட்டும் ஏறும் மேட்டில் குழிநீர் கடலைவிடக் கரிக்கலாம். நூறு வரை கோடு இருப்பதன் பயன் அங்கேதான் தெரியும். அப்படிப்பட்ட மேட்டில் கண்டல் வகைகளில் கண்ணா மரம் தாக்குப்பிடிக்கும், கிண்ணை மரத்தைக் கொண்டுபோய் நடாதீர்கள்.

பராமரிப்பு: நன்னீர் நனைத்த மென்துணியால் துடைப்பது, அவ்வளவுதான். வாளிக்குள் முக்கிக் கழுவினால் கண்வில்லைக்குள் நீர் புகுந்து பூஞ்சணம் பிடிக்கும். மணல் ஒட்டிய சாரன் நுனியால் துடைத்தால் அரியம் கீறும், பிறகு கோடு எந்நாளும் மங்கல்தான். திருகாணியின் றப்பர் மூடி முதல் மாதத்திலேயே தொலையும். தொலைந்த இடத்தில் உப்பு ஏறித் துருப்பிடித்தால் அதன்பின் சுழியமே வைக்க முடியாது, ஆகவே ஒரு துண்டு இன்சுலேஷன் டேப்பை முதல்நாளே ஒட்டிவிடுங்கள்.