மோசின் நாகன்ட்: 139 டாலர் 64 சென்ட்

இந்தப் பழைய ரஷ்ய ராணுவ ரைஃபிளின் எடையை முதலில் சொல்லிவிடுகிறேன். வெறும் துப்பாக்கி நாலு கிலோ, நீளம் நாலடி. கூடவே தருகிற ஊசி பயனெட்டை முனையில் மாட்டினால் கிட்டத்தட்ட என் உயரம் வந்துவிடும். இதைத் தூக்கிக்கொண்டு பனியில் ஓடியவர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. எனக்கு இதைக் காரின் பின்சீட்டில் குறுக்காகக் கிடத்தவே இடம் போதவில்லை.

வாங்கியது 2012 பிப்ரவரியில், ஹூஸ்டன் புறநகரில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில். கூடைப்பந்து, கூடாரம், தூண்டில் எல்லாம் தாண்டிக் கடைசியில் ஒரு கவுன்ட்டர். அதன் பின்னால் ஏழெட்டு மோசின்கள், ஒரே சங்கிலியில் கோத்து, கரும்புக் கட்டு மாதிரி சாத்தி வைத்திருந்தார்கள். விலை 129 டாலர், வரியோடு 139.64. ஹெச்1பி விசாவில் இருந்தவரை துப்பாக்கிப் பக்கமே போகவில்லை, பொதுவாகச் சட்டம் அப்படி. கிரீன் கார்டு வந்த பிறகுதான் கவுன்ட்டரில் நின்று படிவம் நிரப்பினேன். கடைக்காரர் போனில் பின்னணிச் சோதனை முடித்து, அரை மணி நேரத்தில் கையில் கொடுத்துவிட்டார்.

ஏன் இந்த ஆசை என்றால், பாளையங்கோட்டையில் கல்லூரி என்.சி.சி.யில் த்ரீ நாட் த்ரீ (.303) ரைஃபிளைத் தோளில் வைத்து வருஷக்கணக்கில் அணிவகுத்திருக்கிறேன். ஒரு தோட்டாகூட அதில் சுட்டதில்லை. அணிவகுப்புக்கென்றே செயலிழக்க வைத்த துப்பாக்கிகள் அவை. முகாமில் சுடக் கொடுத்தது பாயின்ட் டூ டூ, அதுவும் அஞ்சே ரவுண்டு. இந்தியாவில் லைசென்ஸ் எடுத்தாலும் த்ரீ நாட் த்ரீ சாதாரண ஆளுக்குக் கிடையாது. ராணுவத் தோட்டா பொதுமக்கள் கைக்குப் போகக்கூடாது என்று வெள்ளைக்காரன் வைத்த வழக்கம், அதனால்தான் ஊரில் .315 ரைஃபிள் ஓடுகிறது. அந்தப் பாக்கியை இங்கே ஒரு ரஷ்யத் துப்பாக்கி தீர்த்தது.

பெட்டியைத் திறந்ததும் நம்மை வரவேற்பது காஸ்மோலின். துரு பிடிக்காமல் இருக்க அப்பி வைத்த பழுப்பு மெழுகு கிரீஸ். மழைக்காலத்து சைக்கிள் கடை வாசம். தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கிற போல்ட்டுக்குள், தோட்டா அடுக்குகிற மேகசினுக்குள், மரத்தின் நரம்புக்குள் எல்லாம் அதுதான். இரும்புப் பாகங்களைக் கழற்றிக் கொதிநீரிலும் பெயின்ட் கரைக்கிற மினரல் ஸ்பிரிட்ஸிலும் போட்டெடுத்தேன். மரக்கட்டையைக் கறுப்புக் குப்பைப் பையில் சுற்றி, வெயிலில் நிற்கிற காரின் டேஷ்போர்டில் வைத்தால் தானாக வியர்த்து வெளியே வரும் என்றார்கள். வந்தது. காரிலும் வந்தது, நடைபாதையிலும் வந்தது. "ஏங்க, கோலம் போடுற இடத்துல என்ன இது அல்வா மாதிரி?" என்றாள் மனைவி. அந்தக் கறை இரண்டு வருஷம் இருந்தது.

துடைத்து முடித்ததும் எழுத்துகள் தெரிந்தன. பேரலின் பின்முனையில் முக்கோணத்துக்குள் அம்பு: இஷெவ்ஸ்க் ஆலை. பக்கத்தில் 1943. அமைதிக் காலத்தில் செய்த மோசின்கள் வழுவழுவென்று இருக்கும். என்னுடையதில் கடைசல் எந்திரத்தின் கோடுகளை நகத்தால் எண்ணலாம். ஸ்டாலின்கிராடு போர் முடிந்த வருஷம், மெருகேற்ற யாருக்கு நேரம்? போருக்குப் பிறகு கிடங்கில் பிரித்துப் புதுப்பித்ததற்கு அடையாளமாகக் குறுக்குக் கோடு போட்ட சின்னச் செவ்வகம். போல்ட்டும் மேகசின் மூடியும் வேறு துப்பாக்கிகளுடையவை. பழைய எண்ணை அடித்துவிட்டுப் புது எண் குத்தியிருக்கிறார்கள். சேகரிப்பாளர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. மூன்று நான்கு துப்பாக்கிகளின் மிச்சம் ஒன்றாகச் சேர்ந்து வீட்டுக்கு வந்திருக்கிறது.

இனி சுடும் அனுபவம். போல்ட் இழுக்க வலது கைக்குத் தனி உடற்பயிற்சி வேண்டும். கைப்பிடி குட்டையாக நேராக நிற்கிறது. சூடேறியதும் ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்கிறது. முதல் நாள் பக்கத்து மேஜைப் பெரியவர் சிரித்துக்கொண்டே ஒரு மரத்துண்டை நீட்டினார், தட்டித் திறப்பதற்கு. வீட்டுக்கு வந்து, தோட்டா உட்காரும் அறையைப் பித்தளை பிரஷ் போட்டுத் துரப்பணத்தில் சுற்றித் தேய்த்த பிறகு பாதி சரியானது. உள்ளே காய்ந்து கிடந்த காஸ்மோலின்தான் காரணம். சேஃப்டி என்று பின்னால் ஒரு குமிழ் இருக்கிறது. இழுத்து இடது பக்கம் திருப்ப வேண்டும். எனக்கு விரல் நோகிறது, நான் அதை உபயோகிப்பதே இல்லை, சுடும் நேரம் வரை தோட்டாவை உள்ளே ஏற்றுவதில்லை, அவ்வளவுதான்.

கட்டையின் பின்பக்கம் வெறும் இரும்புத் தகடு. இருபது ரவுண்டில் தோள் சிவந்துவிடும். சத்தம் இடி, முனையில் ஒரு பந்து நெருப்பு. பக்கத்தில் சுடுகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், சிலர் எழுந்து வந்து ஒரு ரவுண்டு கேட்பார்கள். குறிப்பட்டையில் 2000 மீட்டர் வரை கோடு போட்டிருக்கிறார்கள். நம்பிக்கைதான். எனக்கு 100 கெஜத்தில் நாலு அங்குல வட்டத்துக்குள் விழுந்தால் அன்று நல்ல நாள். அதுவும் ஆரம்பத்தில் எல்லாமே ஒரு சாண் மேலே போனது. இதைப் பயனெட் மாட்டிய நிலையில்தான் குறி சரிசெய்வார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. 1939-40 குளிர்காலப் போரில் ஃபின்லாந்தின் பேர்பெற்ற குறிசுடும் வீரர் சிமோ ஹாய்ஹா இதே குடும்பத்துத் துப்பாக்கியில், தொலைநோக்கி இல்லாமல் சுட்டவர். ஆகவே குறையைத் துப்பாக்கி மேல் போட எனக்கு வாயில்லை.

உண்மையான கவர்ச்சி தோட்டாவில் இருந்தது. ஒட்டிய தகர டப்பாவில் 440 ரவுண்டு, 85 டாலர். திறக்கத் தனிக் கத்தி உண்டு, ஆனால் மரப்பெட்டிக்கு ஒன்றுதான் வரும். நான் ஸ்க்ரூடிரைவரும் சுத்தியலும் வைத்துத் திறந்தேன். கையில் தழும்பு இருக்கிறது. ரவுண்டுக்கு இருபது சென்ட் என்றால் கணக்குப் பார்க்காமல் சுடலாம், நண்பர்களுக்கும் கொடுக்கலாம்.

இதில் ஒரு வில்லங்கம் உண்டு, புதிதாக வாங்குகிறவர்கள் கவனிக்கவும். அந்தப் பழைய தோட்டாக்களின் பற்றுமருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. எரிந்த பிறகு பேரலுக்குள் உப்பாகப் படியும், காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். ஊறுகாய் ஜாடியில் இரும்புக் கரண்டியை விட்டுவைத்த கதைதான். ஹூஸ்டன் புழுக்கத்தில் ஒரே ராத்திரி போதும். எண்ணெய் இந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். புனல் வைத்துக் கொதிநீரை ஊற்றி, துணி போட்டுத் துடைத்து, காய்ந்ததும் எண்ணெய். டீக் கெட்டிலை எடுத்ததற்கு வாங்கிக்கட்டிக்கொண்டு, கராஜுக்கென்று தனிக் கெட்டில் வாங்கினேன். சில மூடிய அரங்குகளில் இந்தத் தோட்டாவைக் காந்தம் வைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், உள்ளே இரும்பு இருப்பதால். திறந்தவெளி ரேஞ்சுக்குத்தான் போக வேண்டும்.

இவ்வளவு மலிவு எப்படி என்று பலரும் கேட்பார்கள். 1891இல் ஏற்றுக்கொண்ட வடிவம், கோடிக்கணக்கில் செய்து தள்ளினார்கள். போர் முடிந்து கலாஷ்னிகோவ் வந்ததும் எல்லாம் கிரீஸ் பூசிக் கிடங்குக்குப் போனது. சோவியத் உடைந்ததும் கிடங்குகள் திறந்தன. அமெரிக்காவில் இது முதல் அலை அல்ல. ஐம்பது அறுபதுகளில் ஐரோப்பியப் படைகள் கழித்துக்கட்டியவை தபாலிலேயே வீட்டுக்கு வந்தன. எங்கள் டெக்சாஸில் கென்னடியைக் கொன்ற இத்தாலியக் கர்கானோ, 1963இல் தொலைநோக்கியோடு 19 டாலர் 95 சென்டுக்குச் சிகாகோவிலிருந்து தபாலில் வாங்கியது. 1968 சட்டம் அந்தக் கதவைச் சாத்தியது, எண்பதுகளில் பழம்பொருள் என்ற வகையில் பாதி திறந்தது. முக்கியமாக ஐம்பது வருஷம் தாண்டிய பழம்பொருள் துப்பாக்கிகளுக்கென்று சேகரிப்பாளர் லைசென்ஸ் உண்டு, மூன்று வருஷத்துக்கு 30 டாலர். நானும் எடுத்தேன். வாங்கியது விற்றது எல்லாம் பலசரக்குக் கடை பற்றுவரவு மாதிரி ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும்.

அந்த லைசென்ஸில் வந்ததுதான் இரண்டாவது துப்பாக்கி, இச்சாப்பூர் 2ஏ1. 2016இல் 250 டாலர். வங்காளத்து இச்சாப்பூர் ஆலையில் செய்தது, கழுத்தில் ஆர்.எஃப்.ஐ. (ரைஃபிள் ஃபேக்டரி இச்சாப்பூர்) என்று குத்தியிருக்கிறது. பார்க்க த்ரீ நாட் த்ரீதான், ஆனால் 7.62 நேட்டோ தோட்டாவுக்காகச் செய்தது. பழைய த்ரீ நாட் த்ரீயைக் குடைந்து மாற்றியது என்று கடையில் யாராவது அளந்தால் நம்பாதீர்கள். போல்ட் விஷயத்தில் மோசினையும் இதையும் ஒரே மூச்சில் பேசக்கூடாது. இது வெண்ணெய்.

2018இல் அப்பா வந்திருந்தார். திருநெல்வேலி ஆயுதப்படையில் சேர்ந்து ஏட்டாக ஓய்வு பெற்றவர். விசிட்டர் விசாவில் வந்தவர் துப்பாக்கியைத் தொட வேண்டும் என்றால் வேட்டை லைசென்ஸ் வேண்டும். ஐந்து நாள் லைசென்ஸ் ஒன்று எடுத்துக் கொடுத்தேன். வாழ்நாளில் ஒரு கொக்கைக்கூடச் சுடாத மனுஷர் டெக்சாஸ் வேட்டைக்காரர் ஆனார். ரேஞ்சில் இச்சாப்பூரைக் கையில் கொடுத்ததும் முதலில் போல்ட்டைத் திறந்து அறையைப் பார்த்தார். பிறகு மேகசினைத் தடவி, "வயிறு வேற மாதிரில்லா இருக்கு" என்றார். சரிதான், 2ஏ1இன் மேகசின் கொஞ்சம் சதுரம். அப்புறம் கட்டையைத் திருப்பி, பின்தகட்டில் இருந்த சின்ன மூடியைக் கட்டைவிரலால் தள்ளித் திறந்தார். இரண்டு வருஷமாக என்னிடம் இருக்கிறது, அது திறக்கும் என்றே எனக்குத் தெரியாது. பேரலைத் துடைக்கிற கயிறும் எண்ணெய்ப் புட்டியும் வைக்கிற இடமாம். உள்ளே காலி.

"ஏலே, புல்த்ரூ எங்க? எண்ணெய்ப் புட்டி எங்க?"

"வாங்கும்போதே இல்லப்பா."

"இல்லன்னு சொல்லி எங்க ஆர்மரிக்குள்ள திரும்ப நுழைஞ்சிர முடியுமா?"

பத்து ரவுண்டு சுட்டார். என்னைவிட நன்றாகவே விழுந்தது, எத்தனை அங்குலம் என்று எழுத மாட்டேன். புல்த்ரூவும் பித்தளைப் புட்டியும் பிறகு தேடி வாங்கி உள்ளே போட்டுவிட்டேன்.

சரி, இப்போது வாங்கலாமா? அன்று 139 டாலருக்கு மோசினைப் போல ஒரு பொருள் இருக்கவில்லை. கீழே போட்டாலும், மழையில் நனைந்தாலும், பிரித்துவிட்டுத் திரும்ப மாட்டத் தெரியாமல் விழித்தாலும் மனசு பதறாது. நான் துப்பாக்கியைப் பற்றிக் கற்றதெல்லாம் அந்தப் பயமின்மையில்தான். இன்று 400 டாலருக்குக் கீழே நான் ஒன்றைப் பார்க்கவில்லை. 2021இல் ரஷ்யத் தோட்டா இறக்குமதிக்குத் தடை வந்த பிறகு ஒரு ரவுண்டின் விலையும் அன்றைக்குப் பல மடங்கு ஏறிவிட்டது. அந்த 400 டாலருக்குப் புதிய வேட்டைத் துப்பாக்கியே வரும், அது நேராகவும் சுடும், சேஃப்டியும் விரலைக் கடிக்காது. சரித்திரம்தான் வேண்டும் என்றால் மோசின் வாங்குங்கள், ஆனால் கடையில் பேரல் முனையைக் கையிலேந்தி விளக்கு அடித்துப் பாருங்கள். உள்ளே சுழன்று போகும் வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். மரத்தின் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், அது கிடங்கில் பூசிய அரக்கு.

போன மாதம் ரேஞ்சில் ஒருவர் என்னுடையதற்கு 450 தருவதாகச் சொன்னார். கொடுக்கவில்லை. ஆனால் அந்தக் காசுக்கு 2012இல் சங்கிலியிலிருந்து மூன்றை உருவியிருக்கலாமே என்ற கணக்கு வீடு வரும்வரை ஓடிக்கொண்டே இருந்தது.