ப்ராக்ஸ்மாக்ஸ் 6.4-ல இருந்து 9 வரைக்கும்: சர்வர் சீக்கிரம் முடிஞ்சிடும், விஎம் தான் இழுக்கும்

6.4 காலத்துல இருந்து எங்க ஆபீஸ் டேட்டா சென்டர்ல ப்ராக்ஸ்மாக்ஸ் தான் (ஒரே சர்வருக்குள்ள பல விஎம், அதாவது விர்ச்சுவல் மெஷின், ஓட்டுற சாஃப்ட்வேர்), மூணு நோடு கிளஸ்டர், அதாவது சேர்ந்து வேலை பாக்குற மூணு சர்வர், செஃப் ஸ்டோரேஜ் (எல்லா சர்வரோட டிஸ்கையும் ஒண்ணா சேர்க்கறது), இப்போ 9-ல ஓடுது. 2023 நவம்பர்ல பிராட்காம், இதே வேலை செய்யுற விஎம்வேரை வாங்கி, ஒரே தடவை காசு கட்டுற பெர்பெச்சுவல் லைசென்ஸையும் நிறுத்தினதுக்கு அப்புறம் நிறைய பேர் இந்தப் பக்கம் வந்துட்டாங்க, அப்கிரேட் பயமா இருக்குமான்னு கேக்குறாங்க, அதான் எழுதுறேன்.

ஹோஸ்ட் சைடு, அதாவது சர்வர் பக்கம், பெரிசா பயப்பட ஒண்ணும் இல்ல. உள்ள இருக்கறது டெபியன் லினக்ஸ், 7-க்கு டெபியன் 11, 8-க்கு 12, 9-க்கு 13, நடுவுல ஒண்ணைத் தாண்டிக் குதிக்க முடியாது, படிப்படியாத்தான் ஏறணும். செஃப் இருந்தா அதை முதல்ல ஏத்தணும், 8-க்குப் போறதுக்கு முன்னாடி செஃப்போட குவின்சி வெர்ஷன், 9-க்கு முன்னாடி ஸ்குவிட் வெர்ஷன். கூடவே வர்ற செக் ஸ்கிரிப்டை ஓட்டி அது காட்டுற வார்னிங் எல்லாம் சரி பண்ணிட்டு, நோடுல இருக்க விஎம்களை லைவ் மைக்ரேஷன்ல (நிறுத்தாமலே நகர்த்துறது) பக்கத்து நோடுக்குத் தள்ளிட்டு, ஒவ்வொரு நோடா பண்ணுங்க. மூணுல ரெண்டு எப்பவும் உயிரோட இருந்தாத்தான் கோரம், அதாவது கிளஸ்டர் ஓடத் தேவையான மெஜாரிட்டி, நிக்கும். வெப் பேனல்ல இருக்க ஷெல்லுல மட்டும் அப்கிரேட் ஓட்டாதீங்க, நடுவுல அந்த சர்வீஸே ரீஸ்டார்ட் ஆகி செஷன் போயிடும். எஸ்எஸ்எச்ல (ரிமோட் லாகின்) டிமக்ஸ் போட்டுக்கோங்க, கனெக்‌ஷன் போனாலும் அது செஷனை விடாது, நெட்வொர்க் போனாலும் சர்வரைப் பாக்க வைக்குற ஐபிஎம்ஐ கன்சோலும் திறந்து வச்சுக்கோங்க. ஏன்னா புது கெர்னல்ல சில நெட்வொர்க் கார்டுக்கு இன்டர்ஃபேஸ் பேரே மாறிடும், விஎம்களை நெட்வொர்க்கோட இணைக்குற பிரிட்ஜ் பழைய பேரைத் தேடிட்டு நிக்கும், சர்வர் ஆன்ல இருக்கும் ஆனா பிங் வராது. கார்டோட மேக் அட்ரஸை (அதோட தனி அடையாள நம்பர்) வச்சு பேரை முன்னாடியே பின் பண்ணிட்டா இந்தத் தொல்லை இல்ல.

விஎம் கதை வேற. நோடு புதுசாயிடுச்சு, கிளஸ்டர் பச்சையா இருக்கு, வேலை முடிஞ்சுதுன்னு நிறைய பேர் இங்கயே கிளம்பிடுறாங்க. ஓடிட்டு இருக்க விஎம் பழைய கியூஎமு (விஎம்மை ஓட்டுற புரோகிராம்) ப்ராசஸ்லயே தான் இருக்கும், உள்ள போய் விண்டோஸ்ல ரீஸ்டார்ட் கொடுத்தாலும் ப்ராசஸ் அதே ப்ராசஸ் தான். ஒண்ணு முழுசா ஷட்டவுன் பண்ணி ஸ்டார்ட் பண்ணணும், இல்ல பேனல்ல இருக்க ரீபூட் பட்டன், இல்ல அப்கிரேட் ஆன நோடுக்கு மைக்ரேட் பண்ணணும். மைக்ரேட் பண்ணா ப்ராசஸ் புதுசாகும், ஆனா மெஷின் வெர்ஷன் (விஎம்முக்குக் காட்டுற ஹார்டுவேர் மாடலோட வெர்ஷன்), சிபியு டைப் (விஎம்முக்குக் காட்டுற சிபியு வகை) எல்லாம் பழசாவே கூட வரும்.

அந்த சிபியு டைப் விஷயம் ரொம்ப முக்கியம். 8-க்கு முன்னாடி பண்ண விஎம்கள்ல டீஃபால்ட் கேவிஎம்64-ங்கற பழைய வகை, அதை மாத்தாம உள்ள இருக்க ராக்கி லினக்ஸை 8-ல இருந்து 9-க்கு ஏத்தினா பூட்டே ஆகாது, அது எக்ஸ்86-64-வி2 லெவல் சிபியு கேக்கும். ராக்கி 10 அதுக்கு அடுத்த வி3 லெவல் கேக்கும். சிபியு டைப்பை ஹோஸ்ட்னு வச்சா, அதாவது சர்வரோட சிபியுவையே அப்படியே காட்டினா, வேகம் நல்லா இருக்கும், ஆனா நோடுக்கு நோடு வேற தலைமுறை சிபியு இருந்தா லைவ் மைக்ரேஷன் மறந்துடுங்க. எங்ககிட்ட பழைய சர்வரும் புதுசும் கலந்து இருக்கறதால வி2-ஏஇஎஸ் (வி2 லெவலோட என்க்ரிப்ஷன் வசதியும் சேர்ந்த டைப்)-லயே நிறுத்திட்டேன், அது போதும்.

விண்டோஸுக்கு மெஷின் வெர்ஷனைத் தொடாதீங்க. கியூஎமு 5.2-ல ஏசிபிஐ (ஓஎஸ்ஸுக்கு ஹார்டுவேரைக் காட்டுற முறை) மாற்றம் வந்தப்போ விண்டோஸ் அதைப் புது ஹார்டுவேர்னு நினைச்சு ஸ்டாட்டிக் ஐபியைத் தொலைச்சுது, அதுக்கு அப்புறம் தான் ப்ராக்ஸ்மாக்ஸே விண்டோஸ் விஎம்களை ஒரு வெர்ஷன்ல பின் பண்ணி வைக்குது. மாத்தியே ஆகணும்னா ஐபி செட்டிங்கை எழுதி வச்சுக்கிட்டு, பேக்கப் எடுத்துட்டு, விர்ட்ஐஓ டிரைவரை (விஎம்மோட டிஸ்க், நெட்வொர்க்குக்கான டிரைவர்) முதல்ல அப்டேட் பண்ணிட்டு அப்புறமா கை வைங்க.

இத்தனை வருஷத்துல என் தீர்ப்பு, தாராளமா வாங்க, ஆனா பிளான் போடும்போது ஹோஸ்டுக்கு ஒரு வார இறுதி, விஎம்களுக்கு ஒரு குவார்ட்டர்னு கேளுங்க. எங்ககிட்ட இன்னமும் 5.1 மெஷின் வெர்ஷன்ல ஒரு விண்டோஸ் விஎம் நிக்குது, அக்கவுண்ட்ஸ் டீம் சாஃப்ட்வேர், டவுன்டைம் கேட்டா மார்ச் முடியட்டும்ங்கறாங்க, மார்ச் முடிஞ்சா ஆடிட்ங்கறாங்க.